கொம்பு சொல்லும் வரலாறு: கவரிமாவும் கவராவும்

திருகோணமலை நகருக்குப் புதிதாக வருகிறவர்கள் கோணேசர் கோயிலையும் இயற்கைத் துறைமுகத்தையும் காண்பதற்கு முன்பே மான்களைக் கண்டுவிடுகிறார்கள். கடற்கரையிலும், நகரின் திறந்த வெளிகளிலும், பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோயிலுக்கு ஏறும் பாதையிலும் புள்ளிமான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் மேய்கின்றன. வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் தம் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டி, ஒரு முடி போனாலும் உயிரை விட்டுவிடும் கவரிமான் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்று விளக்குவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறேன். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் வாசகர் கடிதங்களிலும் அந்தக் கேள்வி அவ்வப்போது வந்து சேரும். கவரிமான் என்பது எந்த மான்?

அது எந்த மானும் அன்று என்பதே விடை. திருக்குறளின் 'மானம்' அதிகாரத்தில், 969ஆம் குறளில் வள்ளுவர் சொல்வது கவரிமா. மா என்றால் விலங்கு. அந்த மாவுக்கு ஒரு னகர மெய்யைச் சேர்த்து அதை மானாக்கியது பிற்கால வழக்கு. சங்க நூல்களில் பதிற்றுப்பத்தின் 11ஆம் பாட்டும் புறநானூற்றின் 132ஆம் பாட்டும் கவரியை இமயத்தோடு சேர்த்தே பேசுகின்றன. இமயத்தில் வாழ்ந்து, நீண்ட முடியால் பெயர் பெற்ற விலங்கு எது என்று தேடினால் நாம் போய்ச் சேருமிடம் யாக் எனப்படும் மலைமாடு. அதன் வால்முடியே சாமரமாகக் கட்டப்பட்டது. வடமொழியில் அவ்விலங்கின் பெயர் சமரம். அதிலிருந்து வந்தது சாமரம். அரசனுக்கும் ஆண்டவனுக்கும் வீசப்பட்ட வெண்சாமரம், தென்னாட்டார் கண்ணால் கண்டிராத ஒரு மாட்டின் வால். விலங்கு வரவில்லை, முடி மட்டும் வணிகர் கையில் இறங்கி வந்தது. விலங்கைக் காணாத ஊரில் அதன் பெயர் வேறொரு விலங்கின் மேல் போய் அமர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

இத்தகைய வழக்குகளில் சொல்லை வைத்துக்கொண்டு வாதாடினால் முடிவு காண்பது கடினம். மண்டையோட்டை வைத்துக்கொண்டால் எளிது. விலங்கியல் நூல்களைப் புரட்டியபோது நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எளிய தமிழில் சொல்கிறேன். அதைத் தொடர்ந்து, இதே திருகோணமலை மாவட்டத்தில் தொடங்கும் மற்றொரு விலங்கின் கதைக்கு வருவேன். முன்னதை விளங்கிக்கொண்டால்தான் பின்னது விளங்கும்.

மானும் மாடும் அசைபோடும் விலங்குகள். ஆகவே இரண்டின் மண்டையோட்டுக்கும் பொதுவான சில அடையாளங்கள் உண்டு. மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் இல்லை. அங்கே கடினமான ஈறுமெத்தை ஒன்று மட்டும் இருக்கும். கீழ்த்தாடையின் முன்புறத்தில் எட்டுப் பற்கள் வரிசையாக நிற்கும். புல்லை அந்தப் பற்களுக்கும் மெத்தைக்கும் இடையே பிடித்து இழுத்து அறுக்கின்றன. அதன்பின் நெடிய வெற்றிடம். அதற்கும் பின்னால் அரைக்கும் பற்கள், ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஆறு, கீழே ஆறு. மாட்டுக்கு மொத்தம் 32 பற்கள். அரைக்கும் பல்லின் மேற்பரப்பைப் பார்த்தால் பிறைநிலா வடிவக் கோடுகள் தெரியும். மாடு வாங்குவோர் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வது இந்தக் கீழ்முன்பற்களை வைத்துத்தான்.

வேறுபாடு கொம்பில் தொடங்குகிறது. தமிழில் இரண்டையும் கொம்பு என்றே சொல்கிறோம்; உண்மையில் அவை இருவேறு பொருள்கள். மானின் கொம்பு முழுவதும் எலும்பு. நெற்றி எலும்பிலிருந்து எழும் இரண்டு குட்டையான தண்டுகளின் மீது அது வளர்கிறது, கிளை விடுகிறது, காலம் வந்ததும் கழன்று விழுந்து மறுபடியும் முளைக்கிறது. புள்ளிமானில் கலைக்கு மட்டுமே கொம்பு. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் மூன்று முனைகள் இருக்கும்.

மாட்டின் கொம்போ இரண்டு பகுதிகளாலானது. உள்ளே மண்டையோட்டிலிருந்தே வளர்ந்த எலும்புத் தண்டு. அதன் மேல் உறைபோல் போர்த்திய நகப்பொருள். அது கிளை விடாது, உதிராது, வாழ்நாள் முழுவதும் வளரும். பசுவுக்கும் உண்டு, காளைக்கும் உண்டு. விலங்கு இறந்து நாட்பட்டால் வெளியுறை கழன்றுவிடும். உள்ளே இருக்கும் எலும்புத் தண்டு நிற்கும். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் மண்ணிலிருந்து கிடைப்பதும் அந்தத் தண்டுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொம்பே இல்லாத மண்டையோடாக இருந்தாலும் மானை அடையாளம் காண வழியுண்டு. மானின் கண்குழிக்கு முன்னால், கன்னத்துப் பக்கம், ஒரு பள்ளம் இருக்கும். மணச் சுரப்பி அமைந்திருந்த இடம் அது. அதற்கருகே எலும்புகள் ஒன்றோடொன்று கூடாமல் ஓர் இடைவெளியும் தெரியும். மாட்டுக்கு அந்தப் பள்ளம் இல்லை. மாட்டின் நெற்றி எலும்பு பின்னோக்கி நீண்டு உச்சந்தலையையே மூடிவிடுகிறது. கொம்புகள் தலையின் பின்னுச்சியில், இரு ஓரங்களிலும் அமைகின்றன.

இமயத்துக் கவரியின் மண்டையோடு இந்த ஒவ்வோர் அம்சத்திலும் மாட்டினுடையது. அகன்ற நெற்றி, ஓரங்களிலிருந்து வெளிப்பக்கமாகப் புறப்பட்டு மேல்நோக்கி வளையும் உதிராத கொம்பு, பள்ளமற்ற கன்னம். 1766இல் லின்னேயஸ் அதற்கு அறிவியற் பெயரிட்டபோது மாட்டின் இனத்திலேயே சேர்த்தார். உறுமும் மாடு என்பது அப்பெயரின் பொருள். 1883இல் ருஷ்யப் பயணி பிரெஷவால்ஸ்கி காட்டுக் கவரிக்கு ஊமை மாடு என்ற பொருளில் பெயர் வைத்தார். வளர்ப்புக் கவரியோடு சாதாரண மாட்டைச் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்குவது திபெத்திலும் நேபாளத்திலும் பழைய வழக்கம். மானோடு அப்படிச் சேர்க்க முடியுமா? கவரி மானல்ல என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

இனி, மற்றொரு விலங்கின் கதை.

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை வந்து கடலில் கலக்கும் இடம் அது. அதன் கரையில் மூதூர். 1659ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகத்தில் ஈடுபட்டிருந்த ஆன் என்ற கப்பல், புயலில் பாய்மரத்தை இழந்து, திருத்த வேலைக்காக அங்கே வந்து நங்கூரமிட்டது. கப்பல் தலைவர் ரொபேட் நொக்ஸ். அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் உடன் வந்திருந்தான். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660ஆம் ஆண்டு ஏப்ரலில் தலைவரையும் மகனையும் மாலுமிகள் பலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை 1661இல் சிறையிருப்பிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் பிழைத்து, 1679இல் வடமேற்குக் கரையிலுள்ள அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூல் இலங்கை வரலாற்றின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மரம் மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று நீண்டகாலம் காட்டப்பட்டு வந்தது.

இந்நூலில் நாட்டின் விலங்குகளைப் பற்றிய பகுதியில், படிப்பவர்கள் எளிதில் கடந்து சென்றுவிடக்கூடிய சில வரிகள் உள்ளன. சிங்களர் கவரா என்று அழைக்கும் ஒரு விலங்கை நொக்ஸ் குறிப்பிடுகிறார். அது காளையை ஒத்தது என்றும், முதுகு கூரிய விளிம்பாக உயர்ந்திருக்கும் என்றும், நான்கு கால்களும் பாதியளவு வெள்ளை என்றும் சொல்கிறார். தாம் கண்டது ஒன்றே ஒன்று. அதுவும் அரசன் வளர்த்த விலங்குகளிடையே.

இன்று இலங்கைக் காடுகளில் இவ்வடையாளங்களோடு எந்த விலங்கும் இல்லை. மரை உண்டு, புள்ளிமான் உண்டு, காட்டெருமை உண்டு. முதுகில் கூரிய விளிம்போடு, வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் நிற்கும் மாடு இல்லை. ஆனால் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போயிருப்பவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் கருமையான உடலும் வெண்கால்களுமாக நிற்கும் பெருமாடு அது. பழந்தமிழ் நூல்கள் ஆமா என்று சொல்லும் காட்டுமாடு. தமிழ்நாட்டு மக்களும் செய்தித்தாள்களும் இன்று அதைக் காட்டெருமை என்கிறார்கள். அதுவும் கவரிமானைப் போன்ற ஒரு பெயர்ப்பிழைதான். அது எருமையன்று.

இங்கேயும் மண்டையோடு வழக்கைத் தீர்த்துவைக்கிறது. எருமையின் கொம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய முக்கோணம். தட்டையாகப் பின்னோக்கிச் சாய்ந்து செல்லும். அதன் நெற்றி முன்புறம் புடைத்திருக்கும். பின்மண்டை உருண்டையாக இறங்கும். ஆமாவின் கொம்பு அடியில் முட்டைவடிவம். வெளியே சென்று மேலெழுந்து உள்நோக்கி வளையும். இரண்டு கொம்புகளுக்கும் நடுவே எலும்பு ஒரு மேடாக எழுந்து முன்பக்கம் கவிந்திருக்கும். அதன் கீழே நெற்றி குழிந்திருக்கும். இந்த மேட்டை ஒருமுறை பார்த்தவர் வேறெந்த மாட்டோடும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார். நொக்ஸ் சொன்ன முதுகின் கூர்விளிம்பும் எலும்பின் வேலைதான். நம் நாட்டுக் காளையின் திமில் தசையாலானது. ஆமாவின் முதுகுமேடோ முதுகெலும்புக் கண்ணிகளின் மேல்முட்கள் நீண்டு உயர்வதால் உண்டாவது. முதுகின் நடுவரை சென்று சட்டென்று இறங்கும். விலங்கியல் படித்திராத ஒரு மாலுமி, வாழ்நாளில் ஒருமுறை கண்ட விலங்கைப் பற்றி இரண்டே அடையாளங்கள் சொல்கிறார். இரண்டும் ஆமாவுக்கு அச்சாகப் பொருந்துகின்றன. செய்தியாளனாக வாழ்ந்த எனக்கு இது பெரிதாகப் படுகிறது. கேள்விப்பட்டதையும் கண்டதையும் பிரித்துச் சொன்னதோடு, கண்டது ஒன்றே என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆயினும் ஒருவர் வாக்குமூலத்தை மட்டும் கொண்டு வரலாறு எழுத முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கை விலங்குகளைப் பற்றி எழுதியபோது, நொக்ஸின் குறிப்பையும், அந்த விலங்கின் பெயரைத் தாங்கிய ஊர்ப்பெயர்களையும் எடுத்துக்காட்டினார். விலங்கு அப்போதே எங்கும் இல்லை.

எலும்புச் சான்று இரத்தினபுரியிலிருந்து வந்தது. அங்கே மாணிக்கக்கல் தேடுவோர் வயல்களில் ஆழக் குழி தோண்டி, ஆற்றுப் படிவாகிய சரளைக்கல் அடுக்கை வெளியே எடுத்துக் கூடையில் அலசுவார்கள். கல்லோடு சேர்ந்து பழைய பற்களும் எலும்புத் துண்டுகளும் வரும். 1939 முதல் 1963 வரை தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த போல் தெரணியகல இவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் முதலாக இலங்கையிலிருந்து மறைந்துபோன விலங்குகளின் வரிசை ஒன்று அந்தக் குழிகளிலிருந்து எழுந்து வந்தது. அவ்வரிசையில் ஆமாவும் இருந்தது. இலங்கைக்குரிய வகையாக அவர் அதற்குத் தனிப்பெயரும் இட்டார். 1958இல் வெளியான அவருடைய பெருநூல் இக்கண்டுபிடிப்புகளைத் தொகுத்துத் தருகிறது. பல்லும் கொம்புத் தண்டும் கடினமானவை என்பதால் சரளைக்கல்லோடு உருண்டும் பிழைத்திருக்கின்றன.

இரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சரளைப் படிவிலிருந்து கிடைத்தவை மிகப் பழைய காலத்தவை; ஆமா ஒருகாலத்தில் இத்தீவில் வாழ்ந்தது என்பதை அவை ஐயமறக் காட்டுகின்றன. நொக்ஸின் சாட்சியமோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவிலுள்ள நெடுங்காலத்துக்குப் பாலமாக நிற்பவை சிங்களப் பெயரும் ஊர்ப்பெயர்களும் மட்டுமே. அரசன் வளர்த்தது இந்தியாவிலிருந்து பரிசாக வந்த விலங்காக இருக்கலாமே என்று ஒருவர் வாதிட்டால் அதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பரிசாக வந்த ஒற்றை விலங்கின் பெயரை ஊர்களுக்கு வைப்பார்களா? மலைநாட்டின் கடைசி ஆமாக்கள் நொக்ஸின் காலத்தில் எங்கோ எஞ்சியிருந்தன என்பதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. அந்த அரண்மனை விலங்கின் மண்டையோட்டை எவராவது ஒரு கோயில் மடப்பள்ளியின் மூலையிலாவது போட்டு வைத்திருந்தால், இன்று இந்த வாதமே எழுந்திராது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டியாரத்தில் இன்றும் ஒரு பெருவிலங்கு நிற்கிறது. அதன் கதையும் மெல்ல அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

மூதூரும் கிண்ணியாவும் எருமைத் தயிருக்குப் பெயர் பெற்ற ஊர்கள். மண்சட்டியில் உறைந்த அந்தத் தயிரை உண்டவர்கள் கனடாவுக்குப் போனாலும் மறப்பதில்லை. வீட்டெருமைப் பட்டிகள் மேயும் ஆற்றோரங்களுக்கு அப்பால், மகாவலியின் வெள்ளச் சமவெளியில், பொலன்னறுவை, திருகோணமலை மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் சோமாவதி தேசிய வனத்தில், காட்டெருமைகள் உள்ளன. இவை மெய்யாகவே எருமைகள். வன்னியிலும் கிழக்கிலும் குழுமாடு என்று அழைக்கப்படுபவை. தெரணியகல 1953இல் இவற்றையும் இலங்கைக்குரிய தனி உள்ளினமாக வகைப்படுத்தினார். உலகளவில் காட்டெருமை அழியும் ஆபத்திலுள்ள விலங்கு. இலங்கையிலுள்ளவை தொன்றுதொட்டுக் காட்டிலேயே வாழ்ந்தவையா, பட்டியிலிருந்து பிரிந்து காட்டில் சேர்ந்தவற்றின் வழிவந்தவையா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

அந்தக் கருத்து வேறுபாட்டுக்குக் காரணம் கண்கூடு. காட்டெருமையும் வீட்டெருமையும் தடையின்றிக் கூடுகின்றன. போர்க்காலத்தில் இது பெருகியிருக்கும். 2006இல் மூதூர்ப் பக்கத்து மக்கள் ஊரோடு ஓடியபோது மாடுகளை யார் கொண்டுபோனார்கள்? கட்டவிழ்த்துவிடப்பட்டவற்றில் பிழைத்தவை காட்டோரம் ஒதுங்கின. பாலுக்காக இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட முரா எருமையின் கலப்பும் நாட்டு மந்தைகளில் உண்டு. முராவின் கொம்பு சிறியது, சுருள்போல் முறுக்கியது. அசல் காட்டெருமையின் கொம்பு நீண்டு அகன்று விரிந்தது. அதைத் தாங்கும் மண்டையோடும் அதற்கேற்பப் பெரியது. கலப்பு மிகுந்தால் தலைமுறை தோறும் கொம்பின் விரிவு குறையும், நெற்றியின் அகலம் மாறும். பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்போதும்போல் எருமையாகவே தெரியும்.

ஆமா மறைந்தபோது விலங்கு போயிற்று, பெயர் சில ஊர்களில் தங்கிற்று. தங்கிய பெயர், இங்கே ஏதோ இருந்தது என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. காட்டெருமை மறையும்போது அத்தகைய அறிவிப்பு எதுவும் இராது. அதே பெயரில், அதே சேற்றில், அதே நிறத்தில் வேறொரு விலங்கு நின்றுகொண்டிருக்கும். காடு காலியாகாது, ஆகவே இழப்பு கணக்கில் வராது. இது எனக்கு முன்னதைவிட அச்சமூட்டுகிறது.

பெரிய திட்டங்களை இங்கே நான் முன்மொழியப் போவதில்லை. ஒரு சிறு செயல் போதும். வெள்ளத்தில் அடிபட்டும், துவக்குச் சூட்டிலும், முதுமையிலும் காட்டெருமைகள் இறந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் மண்டையோடுகள் குளக்கரைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் வெயிலில் வெளுத்துப் பொடியாகின்றன. சிலவற்றைக் கண்ணூறு படாமலிருக்க வயல் வேலியில் மாட்டிவைக்கிறார்கள். வனவிலங்குத் துறையின் அனுமதியோடு, கிழக்கிலுள்ள பல்கலைக்கழகமோ மாவட்ட அருங்காட்சியகமோ இவற்றைச் சேகரித்து, எங்கே எந்த ஆண்டில் கிடைத்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி, கொம்பின் விரிவையும் நெற்றியின் அகலத்தையும் அளந்து வைத்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வருகிறவர்கள் மாற்றத்தைக் கண்ணால் காணலாம். எலும்பிலிருந்து மரபணுவையே படிக்கும் வசதி இன்று உண்டு. ஆனால் படிப்பதற்கு எலும்பு இருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

மூதூர், கிண்ணியா, சேருவில, வெருகல் பகுதிகளிலிருந்து உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார் காலத்தில் காட்டில் நின்ற எருமைக்கும் பட்டியில் கட்டிய எருமைக்கும் ஊரில் எந்தெந்தப் பெயர்கள் வழங்கின? கொம்பை வைத்து அவற்றை எப்படிப் பிரித்தறிந்தார்கள்? கலப்பில் பிறந்ததற்குத் தனிப்பெயர் இருந்ததா? நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். பட்டிக்காரர்களின் அந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாமலே போய்விடக்கூடும். அவற்றைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.